மூன்றாவது ட்ராக்

எங்கள் சித்தப்பா ஒரு பொருள் வாங்கப் போகிறார் என்றால் வீட்டில் யாரும் நிம்மதியாக இருக்க முடியாது. மின்விசிறி வாங்கவே மூன்று வாரம் யோசித்தவர் அவர். மாடியறையில் பாட்டுப் பதிவு செய்யும் ஸ்டுடியோ போடப் போகிறேன் என்று அவர் சொன்னபோது சித்தி கையெடுத்துக் கும்பிட்டாள்.

அப்போது நான் காரைக்குடியில் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா எங்கள் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கீபோர்டு வாசிப்பவர். அம்மாவும் அவள் தங்கையான சித்தியும் பாடகர் குழுவில் முன்வரிசை. இருவரும் ஒட்டி நின்று பாடினால் எது யார் குரல் என்று பிரிக்க முடியாது. ஆனாலும் பாட்டுக்காரி என்ற பெயர் அம்மாவுக்குத்தான். அவள் பூசையில் பாடியதைக் கேட்டுத்தான் அப்பா பெண் கேட்டு வந்தார் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை. எனக்கு அதில் பெருமை தாங்காது. பள்ளியில் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

அப்பா சிங்கப்பூரில் வேலையிலிருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். கிறிஸ்துமஸுக்கு சித்தப்பா தானே மெட்டுப் போட்ட பாட்டுகளை சிடியாகப் போட வேண்டும், பதிவு செய்யும் மெஷினை அப்பா வாங்கித் தருவது என்று ஏற்பாடு. அப்பா இரண்டு மெஷின்களின் படம் போட்ட தாள்களை அனுப்பியிருந்தார். ஒன்று உள்ளங்கை அகலம்தான். நடுவில் வைத்துவிட்டால் எல்லாருடைய குரலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். மற்றது எட்டு ட்ராக் மெஷின். ஒவ்வொரு குரலையும் தனித்தனியாகப் பதிந்து வைக்கும். வேண்டிய குரலை மட்டும் கேட்கலாம், வேண்டாததை அமுக்கிவிடலாம்.

சித்தி சின்ன மெஷின் பக்கம். "கோயில்ல எல்லாரும் சேந்துதானே பாடுறோம்? இங்க மட்டும் என்னத்துக்குக் குரலப் பங்கு பிரிக்கிறீக?" என்று சித்தப்பாவிடம் மல்லுக்கு நின்றாள். நான் எட்டு ட்ராக் பக்கம். தாளிலிருந்த இங்கிலீஷை எழுத்துக்கூட்டி வாசித்து, சித்திக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அவள் எதிரிலேயே சொன்னேன். அப்பா போனில் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "பெருசே வாங்குறேன். அவ குரல மட்டும் தனியாப் போட்டு அனுப்புங்க. வேலை விட்டு வந்து கேட்டுக்கிட்டு இருப்பேன்."

அம்மா கொடியில் காயும் துணிகளை எடுக்கப் போனாள். அவை இன்னும் காயவில்லை.

சிங்கப்பூரிலிருந்து விடுமுறையில் வந்த சிங்கம்புணரிக்காரர் ஒருவர் மெஷினைக் கொண்டுவந்து கொடுத்தார். சித்தப்பா கடை கடையாக ஏறி முட்டை அட்டைகளை வாங்கிவந்து மாடியறைச் சுவர் முழுக்க ஒட்டினார். எதிரொலி வராதாம். கோழி மட்டும்தான் பாக்கி என்றாள் சித்தி. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் எட்டு ட்ராக்குக்கு எட்டுப் பேர் என்று கணக்காகப் பாடகர் குழுவை அழைத்து வந்தார். எல்லாரும் பட்டு உடுத்தி, முகத்துக்குப் பவுடர் போட்டு, படம் எடுக்கப் போகிறவர்களைப் போல வந்து வரிசையாக நின்றார்கள்.

மெஷினில் மைக் செருக இரண்டே ஓட்டைகள்தான் இருந்தன.

சித்தப்பா அதைத் தூக்கிப் பின்பக்கம் பார்த்தார், அடியில் பார்த்தார். எட்டு ட்ராக் என்றால் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் பாடலாம் என்று நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். அது இரண்டிரண்டு பேராகத்தான் வாங்கிக்கொள்ளும். அப்படி நான்கு தடவை பாடினால் எட்டாக அடுக்கிக்கொள்ளும். சித்தப்பாவின் முகம் செத்துவிட்டது. இங்கிலீஷ் வாசித்த நான் மெதுவாகக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அப்புறம் ஜோடி ஜோடியாக மாடிக்கு வரச் சொல்லிப் பாட வைத்தார். அம்மாவும் சித்தியும் இரண்டாவது ஜோடி. ஒரே மைக்கில் சேர்ந்து பாடுகிறோம் என்று சித்தி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "அதெப்படி? மதினி குரல் தனியா வேணும்னு சகலை சொல்லியிருக்காகள்ல" என்று சித்தப்பா இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டார். அம்மா மூன்றாவது ட்ராக், சித்தி நான்காவது. பாட்டு முடிந்ததும் நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லி, காத்திருப்பவர்களுக்கு டீ சொல்லக் கீழே போனார். போகும்போது ஹெட்போனை என் தலையில் மாட்டி, "எதையும் அழிச்சுப்புடாத" என்றார்.

நான் மற்றவர்களை எல்லாம் அமுக்கிவிட்டு அம்மாவை மட்டும் திறந்தேன்.

தாழ்வான வரிகளை அம்மா பாடியிருந்தாள். பாட்டு மேலே ஏறும் இடம் வந்தது. அங்கே குரலே இல்லை. மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. ஜமுக்காளத்துக்கு அந்தப் பக்கமிருந்து சித்தியின் குரல் எங்கோ தூரத்தில் கேட்பது போல மெலிதாகக் கேட்டது. மறுபடியும் போட்டேன். மறுபடியும் மூச்சுதான். நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த குரல் எங்கே போயிற்று?

"அம்மா பாடவே இல்ல! சும்மா வாய மட்டும் அசைக்கிறா!" என்று கத்தினேன்.

சித்தி பாய்ந்து வந்து என் தலையிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கினாள். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள் என்று பார்த்தேன். மடியில் கைகளை வைத்துக்கொண்டு முட்டை அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டினால்கூடத் தாங்கியிருப்பேன், அதைத் தாங்க முடியவில்லை.

சித்திதான் சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அம்மாவுக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்ததல்லவா, அதற்குப் பிறகு மேல் சுருதி வரவேயில்லை. மேலே போகும் இடங்களில் அம்மா வாயசைப்பாள், பக்கத்தில் நிற்கும் சித்தி இரண்டு பேருக்கும் சேர்த்துப் பாடுவாள். சித்தப்பாவுக்குக்கூடத் தெரியாது. "அப்பாட்டச் சொல்லிறாதத்தா. அவுக அந்தக் குரலத்தான் நெனச்சுக்கிட்டு அங்க கெடக்காக" என்றாள். நான் தலையாட்டினேன்.

சித்தப்பா டீத் தம்ளர்களோடு வருவதற்குள் சித்தி மூன்றாவது ட்ராக்கில் அம்மாவுக்குப் பதிலாக மறுபடி பாடி முடித்துவிட்டாள். எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தது நான்தான். சித்தப்பா ஹெட்போனை மாட்டிக் கேட்டுவிட்டு, "மதினி, மதினிதான்!" என்றார். அம்மா டீயை வாங்கிக் குடித்தாள்.

எனக்கு மட்டும் ஆறவில்லை. ஞாயிறு மறைக்கல்வியில் சித்தியே எங்களுக்குப் பொய் பாவம் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, பூசை முடிந்து அதே சேலையோடு வந்து இப்படியா செய்வது? அப்பாவை எல்லாரும் சேர்ந்து ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க நினைக்கப் பொங்கிக்கொண்டு வந்தது. சொல்லாதே என்றுதானே சித்தி சொன்னாள், எழுதாதே என்று சொல்லவில்லையே. அப்பாவுக்கு அனுப்பும் சிடி உறைக்குள் நோட்டுத் தாளைக் கிழித்து ஒரு சீட்டு வைத்தேன். "இதில் பாடுவது அம்மா இல்லை, சித்தி. அம்மாவுக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் பாட வராது." கீழே என் பெயரையும் எழுதினேன். பயந்து மொட்டைக் கடிதம் போடுகிறவள் அல்ல நான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அப்பா பேசினார். அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டாள். இப்போது வெடிக்கப் போகிறது என்று சித்தியின் முகத்தையும் அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"கேட்டேன்" என்றார் அப்பா. "ஒன் கொரல் அப்படியே இருக்கு. அன்னைக்குக் கோயில்ல கேட்ட மாதிரியே இருக்கு."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சித்தி தலையைத் திருப்பிக்கொண்டாள். நான் வாயைப் பிளந்து நின்றேன். பிறகு என்னிடம் கொடுக்கச் சொன்னார். ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதோடு ஒட்டிக்கொண்டேன்.

"கையெழுத்து முன்னைக்கு நல்லாத் திருந்தியிருக்குத்தா. ஒரு எழுத்துகூடத் தப்பில்ல" என்றார். "இனிமே சீட்டெல்லாம் எழுதாத. அம்மாவப் பாத்துக்க."

அப்படியென்றால் வாசித்திருக்கிறார்! ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட விளங்குகிற மாதிரி நான் எழுதிய இரண்டு வரி, சிங்கப்பூரில் அத்தனை பெரிய கம்பெனியில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு விளங்கவில்லை. இவ்வளவு விவரம் கெட்ட மனிதரா என் அப்பா என்று அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.