மகளோடு வான்கோழி வேட்டைக்குப் போன சனிக்கிழமை

ஐம்பத்தெட்டு வயதில் நான் துவக்குப் பிடிக்கப் பழகினேன். வேட்டையில் எனக்கு ஒரு ஆசையும் இருக்கவில்லை. மகள் என்னோடு பேசுவதை நிறுத்தி அப்போது மூன்று வருடமாகியிருந்தது. அவள் நிற்கும் இடத்துக்குப் போய்ச்சேர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அவள் எங்களுக்கு ஒரே பிள்ளை. ரயிலில் ஒரு மணித்தியாலத் தூரத்திலிருக்கும் ஒஷாவாவில் நேர்சாக வேலை செய்கிறாள். அவளுடைய முதல் குழந்தை ஏழாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே அசைவில்லாமல் போய், உயிரில்லாமல் பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று, அவளுடைய குசினியில் நின்று கஞ்சியைத் துழாவிக்கொண்டே நான் சொன்னேன்: "ஏழாம் மாசத்திலையும் பன்னிரண்டு மணித்தியாலம் நிண்ட நிலையிலை வேலை செய்தா வேறை என்ன நடக்கும்?"

ஒருவரையும் பார்த்துச் சொல்லவில்லை. அடுப்பைப் பார்த்துத்தான் சொன்னேன். அவள் சோபாவில் நித்திரை என்று நினைத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் மருமகன் வந்து அடுப்பை நிறுத்தினார். "மாமி, நீங்கள் இப்ப வீட்டை போங்கோ," என்றார்.

அதற்குப் பிறகு அவள் என் அழைப்பை எடுக்கவேயில்லை. இரண்டு தரம் ரயில் ஏறிப்போய், சமைத்துக் கொண்டுபோனதை வாசலில் வைத்துவிட்டு வந்தேன். அவளுடைய கார் நின்றது. கதவு திறக்கவில்லை. தகப்பனோடு மட்டும் கிழமைக்கு ஒருக்கால் கதைப்பாள். சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாறாம் மாடியிலிருக்கும் எங்கள் வீட்டில், அவர் பல்கனிக் கதவடியில் நின்று கதைப்பார். நான் குசினியில் தண்ணீர்க் குழாயைப் பூட்டிவிட்டு, அவர் சொல்லும் "ஓம்", "சரி"களை வைத்து அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று ஊகித்துக்கொண்டு நிற்பேன்.

ஒரு சித்திரை மாதம் அவர் போனை வைத்துவிட்டு வந்து, "பிள்ளை வேட்டைக்குப் போறாளாம்," என்றார்.

"என்ன வேட்டை?"

"வான்கோழி சுடுறதாம். ஒஷாவாவுக்கு வடக்கை, வயல் வைச்சிருக்கிற ஆரோ ஒரு கமக்காரன்ரை காட்டுக்குள்ளை. கூட வேலை செய்யிற மனிசி ஒராள் பழக்கினவவாம்."

"என்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிக் கேளுங்கோ."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆனாலும் அடுத்த கிழமை கேட்டார். பதில் உடனே வந்தது. "லைசென்ஸ் இல்லாத ஆக்களோடை போகமாட்டாளாம்."

நான் தட்டிக் கழிக்கப்படுகிறேன் என்று எனக்கு விளங்கியது. பட்டாசுச் சத்தத்துக்கே காதைப் பொத்துகிறவள் நான் என்று அவளுக்குத் தெரியும். என்றாலும், மூன்று வருடத்தில் எனக்கென்று அவள் சொல்லி அனுப்பிய முதல் வார்த்தை அது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

நான் மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு பொதி செய்கிற இடத்தில் வேலை. சனி, ஞாயிறு ஷிஃப்ட்டுகளை மாற்றிக்கொண்டு துவக்குப் பாதுகாப்பு வகுப்புக்குப் போனேன். வகுப்பில் எல்லாரும் இளம் பெடியன்கள். படிப்பிக்க வந்த மனிதர் என்னிடம் வந்து, மகனைக் கூட்டிப்போக வந்தீர்களா என்று மரியாதையாகக் கேட்டார். படிக்கத்தான் வந்தேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கு ஒரு கதிரை இழுத்துப் போட்டார்.

முதலில் சொல்லித்தந்த விஷயம் ஒன்றுதான். குண்டு இருக்கோ இல்லையோ, துவக்கின் வாய் ஒருபோதும் ஒரு மனிதரின் பக்கம் திரும்பக் கூடாது. எழுதிக்கொண்டேன். வீடு கூட்டுகிற தும்புத்தடியை வைத்துப் பழகினேன். சோதனையன்று மேசையிலிருந்து துவக்கை எடுத்த எடுப்பிலேயே அதன் வாயைச் சோதகரின் வயிற்றுக்கு நேரே கொண்டுபோய்விட்டேன். அத்தோடு பெயில்.

அன்று பின்னேரம் வீட்டில் அழுதுகொண்டு அதைப் புருஷனிடம் சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். "வாயை எங்கை திருப்புறது எண்டு உமக்கு எப்பதான் தெரிஞ்சது?" என்றார்.

சொன்ன பிறகு அவருக்கே முகம் மாறிவிட்டது. தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அந்த வீட்டில் மூன்று வருடமாக நாங்கள் இருவரும் வாய்விட்டுச் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் அது. நான் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுத் தும்புத்தடியை எடுத்தேன்.

இரண்டாம் தரம் சித்தியடைந்தேன். பிறகு வேட்டைக்கான பாடம், அதற்கொரு சோதனை. இளவேனிலில் நெஞ்சிலிருந்து தாடிபோல இறகு தொங்குகிற வான்கோழியை மட்டும் சுடலாம் என்று படித்தேன். லைசென்ஸ் விண்ணப்பத்தில் புருஷனின் கையெழுத்தும் கேட்டார்கள். மனநிலை சரியில்லாமல் இருந்ததுண்டா என்ற கேள்விக்கு முன்னால் கனநேரம் இருந்தேன். அழுகையைப் பற்றி அதில் ஒன்றும் கேட்கவில்லை. இல்லை என்று அடையாளமிட்டேன்.

லைசென்ஸ் அட்டை தபாலில் வந்தபோது வெளியில் பனி கொட்டியது. அவர் அதைப் படமெடுத்து மகளுக்கு அனுப்பினார். பதினொரு நாள் பதிலே இல்லை. பன்னிரண்டாம் நாள் வந்தது: வைகாசி இரண்டாம் சனி, விடியப்புறம் நாலரை, ஒஷாவா வடக்கில் ஒரு கோப்பிக்கடை வாசல். சிவப்பு, வெள்ளை, நீலம் ஒன்றும் உடுத்தக் கூடாது.

அவர்தான் கொண்டுபோய் விட்டார். அவள் தன் ட்ரக்கிலிருந்து இறங்கி வந்தாள். மெலிந்திருந்தாள். காதோரம் நரை. போன் வெளிச்சத்தை என் முகத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பொட்டை அழியுங்கோ."

நான் விளங்காமல் நின்றேன்.

"ஆண் வான்கோழியின்ரை தலை சிவப்பு, அம்மா. காட்டுக்குள்ளை சிவப்பைக் கண்டா வேறை ஆரும் சுட்டுப்போடுவினம்."

கையாலேயே அழித்தேன். காருக்குள் இருந்த அவர் மற்றப்பக்கம் திரும்பிக்கொண்டார். காப்புகளையும் கழற்றி அவரிடம் கொடுத்தேன். இலை நிறச் சட்டை ஒன்றும், முகத்தை மூடுகிற வலை ஒன்றும் மகள் தந்தாள்.

நாலு வருடமாக நான் வசனங்கள் சேர்த்துவைத்திருந்தேன். பஸ்ஸில், பொதி செய்யும் மேசையில், சாமிப் படத்துக்கு முன்னால் அவற்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ட்ரக்கில் ஏறியதும், "பிள்ளை..." என்று தொடங்கினேன்.

"இப்ப வேண்டாம். இடத்துக்குப் போகவேணும்."

இருட்டில் வயலோரமாக நடந்து காட்டுக்குள் போனோம். அகலமான ஒரு மரத்தடியில் என்னைச் சாய்த்து உட்கார வைத்தாள். வெளிச்சம் வரத் தொடங்கியதும் துவக்கில் குண்டு போட்டு, என் முழங்காலில் அதைத் தாங்கி வைக்கக் காட்டித்தந்தாள். பிறகு என் காதடியில் குனிந்தாள். "அசையக்கூடாது. கதைக்கக்கூடாது. அதுக்குக் கண்ணும் காதும் சரியான கூர்மை."

என் தோளோடு தோள்முட்ட அவளும் உட்கார்ந்தாள். கைக்குள் அடங்கும் வட்டத் தகடு ஒன்றில் குச்சியால் உரசினாள். பேட்டுக்கோழி கூப்பிடுகிற மாதிரிச் சத்தம் வந்தது. தூரத்தில் ஒரு மரத்தின் மேலிருந்து சேவல் பதில் சொன்னது. அவள் பொறுத்திருந்து மறுபடி உரசினாள்.

கால் விறைத்துவிட்டது. கண்ணிமையில் ஒரு நுளம்பு கடித்துக்கொண்டிருந்தது. பேசுவதற்கென்று இத்தனை பாடுபட்டு வந்தவள், வாயைத் திறக்க முடியாமல் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சேவல் வராவிட்டால் இப்படியே எவ்வளவு நேரமும் இருக்கலாம் என்று தோன்றியது. முருகா, அதை வரவிடாதை என்று மனதுக்குள் மன்றாடினேன்.

அது வந்தது. வாலை விசிறியாக விரித்து, சிவப்பும் நீலமும் வெள்ளையுமான தலையோடு, பற்றைகளுக்குள்ளால் ஒவ்வொரு அடியாக வந்தது. நெஞ்சில் தாடி தெரிந்தது.

"தலைக்குப் பிடியுங்கோ," என்று அவள் முணுமுணுத்தாள். "இப்ப."

துவக்கில் கன்னத்தை அழுத்தி வைத்திருக்க வேண்டும். அதுதான் பாடம். நான் சேவலின் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டுத் தலையைத் தூக்கிவிட்டேன். வெடித்தது. கோழி உருண்டது, எழும்பியது, ஒரு செட்டை நிலத்தில் இழுபட ஓடி, சதுப்புக்குள் சீடர் மரங்களுக்கு நடுவில் மறைந்தது.

மகள் துவக்கை வாங்கி, மிச்சக் குண்டை எடுத்தாள். "காயத்தோடை விட்டிட்டுப் போகேலாது. தேடவேணும்," என்றாள். குரலில் கோபமில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

இலையொன்றில் இரத்தம் இருந்தது. பத்தடி தள்ளி இன்னொரு சொட்டு, மூன்று இறகு. பிறகு ஒன்றுமில்லை, கறுப்புத் தண்ணீரும் விழுந்த மரங்களும்தான். நான் குனிந்து தேடினேன், முழங்காலில் தேடினேன், கடைசியில் நாலு காலில் தவழ்ந்தேன். ஒரு சப்பாத்து சேற்றோடு போய்விட்டது. எங்கோ ஒரு வேருக்கடியில் அது மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிறது என்பதைத் தவிர வேறு நினைப்பு எனக்குள் இல்லை. அதைக் கண்டுபிடிக்காவிட்டால் இவள் இனி ஒருபோதும் என்னைக் கூப்பிடமாட்டாள்.

பதினொரு மணியளவில் அவள், "தேடினது காணும் அம்மா. எழும்புங்கோ," என்றாள்.

"நான் தேடுறன். நான்தானே சுட்டது."

"அம்மா, கால் முழுக்க வெட்டுப்பட்டிருக்கு."

"கிடக்கட்டும்." சேற்றிலிருந்து நிமிராமலேயே சொன்னேன்: "அண்டைக்கு உன்ரை வீட்டிலை நான் சொன்னது..."

சேர்த்துவைத்திருந்த வசனங்களில் ஒன்றும் வரவில்லை. அவள் விழுந்துகிடந்த மரமொன்றில் உட்கார்ந்தாள். முக வலையைக் கழற்றவில்லை.

"டொக்டர்மார் எல்லா ரெஸ்ற்றும் செய்தவை," என்றாள். "காரணம் தெரியாது எண்டுதான் சொன்னவை. நீங்கள் ஒராள்தான் காரணம் சொன்னீங்கள். நாலு வருசமா நான் அதை நம்பிக்கொண்டு இருக்கிறன்."

அவள் என்மேல் கோபமாக இருக்கிறாள் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அவள் என்னை நம்பியிருப்பாள் என்று ஒருநாளும் நினைக்கவில்லை.

"அது பொய், பிள்ளை. எனக்கு ஒண்டும் தெரியாது. பயத்திலை, ஆரையாவது குற்றம் சொல்லவேணும் போலை இருந்தது. உன்னிலை ஒரு பிழையும் இல்லை."

வலைக்குப் பின்னால் அழுதாளோ, வெறுமனே இருந்தாளோ, எனக்குத் தெரியாது. கிட்டப் போகவும் துணிவில்லை. கொஞ்ச நேரத்தில் எழும்பி, "இந்தப் பக்கம் இன்னும் பாக்கேல்லை," என்றாள். ஒரு மணி வரை இருவரும் தேடினோம். கிடைக்கவில்லை.

ஸ்டேஷனில் என்னை இறக்கிவிடும்போது, தன் ஜிம் பையிலிருந்து ஒரு சோடி காலுறையும் பழைய சப்பாத்தும் எடுத்துத் தந்தாள். "போயிட்டு வாங்கோ" என்றோ "இனி வாங்கோ" என்றோ ஒன்றும் இல்லை. கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள். ரயிலில் என் பக்கத்துச் சீட்டில் ஒருவரும் உட்காரவில்லை, அவ்வளவு சேறு.

மறுநாள் மிசிசாகாவில் மதியச் சாப்பாட்டு நேரம், என் போனுக்கே ஒரு செய்தி வந்தது. "திரும்பப் போய்ப் பாத்தன். கிடைக்கேல்லை." நாலு தரம் பதில் எழுதி அழித்தேன். பிறகு, எடுக்கமாட்டாள் என்று நினைத்துக்கொண்டே அழைத்தேன். எடுத்தாள்.

"கனநேரம் தேடினியோ?"

"மூண்டு மணித்தியாலம்."

"அடுத்த சனி நானும் வந்து தேடட்டோ?"

"அடுத்த சனிக்கு அது அங்கை இருக்காது, அம்மா."

"சும்மா எண்டாலும்."

போனை வைத்துவிட்டாளோ என்று திரையைப் பார்த்தேன். "பாப்பம்," என்றாள்.

அந்த வருடம் அவள் கூப்பிடவில்லை. அடுத்த இளவேனிலில் இரண்டு தரம் கூப்பிட்டாள். இப்போது துவக்கு அவளிடம். நான் பக்கத்தில் அசையாமல் இருக்கிறேன். என் அழைப்புகளில் சிலவற்றை எடுக்கிறாள், சிலவற்றை எடுப்பதில்லை. மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. நான் சொன்ன அந்த வசனம் இப்போதும் அவளுக்குள் இருக்கிறதா என்று ஒவ்வொரு தரமும் அவள் முகத்தைப் பார்க்கிறேன். எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.