பதினொன்றாவது நிபந்தனை

அந்த அக்காவை எனக்குப் பிடிக்காது. முன்பும் பிடிக்காது, இப்போதும் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் செய்ததையெல்லாம் சட்டத்துக்காகச் செய்தேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

மலேசியாவின் ஈப்போ நகருக்கு வெளியே ஒரு மாவட்ட மன்றத்தில், லைசென்ஸ் பிரிவில் எனக்கு வேலை. கடைப் பலகை, முடிவெட்டும் கடை, ஞாயிற்றுச் சந்தை, மண்டபத்தில் ஆட்டம் பாட்டம் என்று எல்லாவற்றுக்கும் பெர்மிட் எழுதும் இடம். நான் பிறந்த ரப்பர் தோட்டம் அங்கிருந்து காரில் கால் மணி நேரம். ரப்பர் போய்விட்டது. பாதி நிலத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனை, மீதியில் மலிவு விலை வீடுகள். பழைய தோட்டத்தில் மிச்சம் இருப்பது மாதா கோயிலும், அதை ஒட்டித் தகரக் கூரை போட்ட மண்டபமும்தான்.

அந்த மண்டபத்தில் மாதத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும், தம்போலா நடக்கும். எண்கள் அச்சடித்த அட்டையை வாங்கிக்கொண்டு உட்கார வேண்டும். மைக்கில் கூப்பிடும் எண் அட்டையில் இருந்தால் பேனாவால் அடிக்க வேண்டும். முதலில் வரிசையை முடித்தவருக்கு அரிசி மூட்டையோ ரைஸ் குக்கரோ கிடைக்கும். அட்டை விற்று வந்ததில் ஒரு வேன் ஓடியது. சிறுநீரகம் கெட்டுப்போனவர்களை வாரத்தில் மூன்று நாள் ஈப்போவுக்கு டயாலிசிஸ் செய்யக் கூட்டிப்போய், திரும்ப வீட்டு வாசலில் இறக்கிவிடும் வேன்.

வேனையும் தம்போலாவையும் நடத்தியவர்தான் அந்த அக்கா. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். உழைப்பாளி, அதை மறுக்க மாட்டேன். ஆனால் வாய் நிற்காது. யாருடைய வீட்டுக்குள் நடப்பதையும் நாலு பேர் நடுவில் போட்டு உடைப்பார். என் அம்மா இறந்தபோது, சவப்பெட்டி இன்னும் வீட்டுக்குள் இருக்கையிலேயே, வந்தவர்கள் காதுபட, "ஏசில உக்காந்து வேல பாக்குறவளுக்கு ஆத்தாளப் பாக்க நேரம் இல்லாமப் போச்சு" என்று சொன்னவர். அதற்குப் பிறகு நான் அந்தக் கோயில் பக்கம் போனதில்லை.

என் அண்ணன் அதே வேனில்தான் போய்வந்தார். லாரி ஓட்டியவர். அண்ணி இறந்து பல வருடம் ஆகிறது, பிள்ளை கிடையாது. மலிவு விலை வீடு ஒன்றில் தனியாக இருந்தார்.

ஒரு காலை, எங்கள் பிரிவு அதிகாரி ஒரு கடிதத்தை என் மேசையில் வைத்தார். கோயில் மண்டபத்தில் அனுமதி இல்லாமல் சூதாட்டம் நடக்கிறது, மன்றம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று மலாயில் கையால் எழுதியிருந்தது. கீழே யார் பெயரும் இல்லை.

"உங்க ஊரு ஆளுங்கதானே? நீங்களே போய்ப் பாருங்க" என்றார் அதிகாரி.

கடிதத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஏழின் நடுவில் ஒரு கோடு. எழுத்துகள் எல்லாம் இடது பக்கம் சாய்ந்திருந்தன. அண்ணனின் லாரி டெலிவரிச் சீட்டுகளில் ஆயிரம் தடவை பார்த்த கையெழுத்து. அப்போதே எழுந்துபோய், இதில் என் உறவுக்காரர் சம்பந்தப்பட்டிருக்கிறார், வேறு ஆளை அனுப்புங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த அக்காவின் முன்னால் மன்றத்து அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்க எனக்கு ஆசையாக இருந்தது.

அன்று மாலை அண்ணன் வீட்டுக்குப் போனேன். டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, லெட்டர் நீங்கதானே போட்டீங்க?"

மறுக்கவில்லை. டிவியின் சத்தத்தை மட்டும் குறைத்தார்.

"ஒவ்வொரு வாட்டியும் ஆட்டம் தொடங்குறதுக்கு முந்தி மைக்கப் புடிச்சிக்கிட்டு எம்பேரச் சொல்றா. பாவம், பொண்டாட்டி இல்ல, புள்ள இல்ல, ஒன்னுக்குக் கூடப் போக முடியாத மனுசன், இவருக்காக ஆளுக்கு ரெண்டு அட்ட எடுங்கன்றா. அம்புட்டு சனமும் திரும்பி என்னப் பாக்குது. அடுத்த நிமிசம் சிரிச்சிக்கிட்டே நம்பர் கூப்புடுறா."

"அவங்ககிட்டயே சொல்ல வேண்டியதுதானே?"

"அவ வேன்ல ஏறிக்கிட்டு அவகிட்ட எப்புடிலா சொல்றது?"

நான் எழுந்தபோது ஒன்றே ஒன்று கேட்டார். தன் பெயர் வெளியே வரக் கூடாது. வராது என்று சொன்னேன். புகார் கொடுத்தவர் யார் என்று சொல்லக் கூடாது என்பது எங்கள் அலுவலக விதியும்கூட.

அடுத்த தம்போலா ஞாயிறு மண்டபத்துக்குப் போனேன். அக்கா மேடையில் நின்று, எண்ணின் வடிவத்துக்கு ஏற்ப ஒரு பட்டப்பெயர் வைத்து, எண்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "பால் வெட்டுற கத்தி, ஏழு! ரெண்டு வாத்து, இருபத்திரண்டு!" கூட்டம் சிரித்துச் சிரித்து அடித்துக்கொண்டிருந்தது. என் கழுத்திலிருந்த அடையாள அட்டையைப் பார்த்ததும் மைக்கைக் கீழே வைத்தார்.

இந்த மாதிரி ஆட்டத்துக்குப் போலீஸ் ஒப்புதல் வேண்டும், மாநிலச் சட்டப்படி மன்றத்தின் பெர்மிட் வேண்டும், அது வரும்வரை நிறுத்தி வையுங்கள் என்று சொன்னேன்.

"கோயில் காரியத்துக்கு எதுக்கு பெர்மிட்? நாங்க என்ன கசினோவா நடத்துறோம்?"

"நல்ல காரியமா இருந்தாலும் பெர்மிட் வேணும்க்கா."

"புகார் வந்துச்சா?"

"அத நான் சொல்ல முடியாது."

அவர் மைக்கை மறுபடி எடுத்தார். "கேட்டுக்குங்க! இந்தத் தோட்டத்துல பொறந்து, இந்தக் கோயில்ல ஞானஸ்நானம் வாங்குனவ வந்திருக்கா. நோயாளிங்க வேன நிறுத்தறதுக்கு! அவளே புகார எழுதி, அவளே விசாரிக்க வந்திருக்கா!"

நான் எழுதவில்லை என்றால், பிறகு எழுதியது யார் என்ற கேள்வி வரும். பின்வரிசையில் அண்ணன் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லும் நோட்டீசைக் கதவில் ஒட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து, தம்போலா இல்லை, பொது அறிவுப் போட்டி நடக்கிறது என்று கேள்விப்பட்டு மறுபடி போனேன். அதே அட்டைகள், அதே அரிசி மூட்டை. அக்கா எண்ணைச் சொல்லவில்லை, கேள்வி கேட்டார்.

"அப்போஸ்தலர்கள் எத்தன பேரு?"

"பன்னெண்டு!" என்று மண்டபமே கத்தியது, எல்லாரும் பன்னிரண்டை அடித்தார்கள்.

"ஆண்டவரு பாலைவனத்துல எத்தன நாளு நோன்பு இருந்தாரு?"

"நாப்பது!"

அடுத்து குலுக்கி எடுத்த எண்ணைப் பார்த்துவிட்டு அவர் கொஞ்சம் தடுமாறினார். பிறகு முன்வரிசையில் இருந்த, கோயில் மணியடிக்கும் பெரியவரைக் காட்டி, "நம்ம ஐயாவுக்கு வயசு என்னா?" என்றார்.

"எழுவத்தி மூனு!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அதை அவர் பார்த்தும்விட்டார். இருவரும் சேர்ந்து சிரித்திருந்தால் விஷயம் வேறு மாதிரி முடிந்திருக்குமோ என்னவோ. ஆனால் அவர், "மேடத்துக்குச் சந்தோசமா இருக்கு போல" என்றார். என் சிரிப்பு அங்கேயே செத்தது. கேள்வி என்ற பெயரில் நடப்பது தம்போலாதான் என்று அறிக்கை எழுதினேன். எழுதியது உண்மை. எழுதும்போது எனக்கு இனித்தது என்பதும் உண்மை.

அடுத்த வாரம் அதிகாரி அவரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டுப் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். போலீஸ் ஒப்புதல் வாங்கிவாருங்கள், அமைப்பைப் பதிந்த சான்றிதழைக் கொண்டுவாருங்கள், மாதாமாதம் முடியாது, வருடத்தில் சில தடவை தருகிறோம் என்றார். அக்கா கடைசிவரை நாற்காலியில் உட்காரவில்லை. விண்ணப்பப் பாரங்களை வாங்கிக்கொண்டு போனார். அவர் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். எல்லாத் தாள்களையும் நகல் எடுத்து, முத்திரை குத்தி, வரிசையாக அடுக்கிக் கொண்டுவந்து கொடுத்தார்.

பெர்மிட்டோடு நிபந்தனைத் தாள் ஒன்று போகும். தயார் செய்வது நான். ரொக்கப் பரிசு கூடாது, சிறுவர்கள் விளையாடக் கூடாது, இன்ன நேரத்துக்குள் முடிக்க வேண்டும், ஒலிபெருக்கி மண்டபத்துக்கு வெளியே கேட்கக் கூடாது என்று வழக்கமாகப் பத்து. அவற்றைத் தட்டச்சு செய்து முடித்தபோது கை நின்றது. அட்டை எப்படி, பரிசு எப்படி என்று எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. ஒரு மனிதனின் மூத்திரத்தைப் பற்றி மைக்கில் பேசக் கூடாது என்பதற்கு எங்கேயும் ஒரு வரி இல்லை. பதினொன்றாவதாக நானே சேர்த்தேன்: உதவி பெறுபவர்களின் பெயரையோ நோய் விவரத்தையோ நிகழ்ச்சியில் அறிவிக்கக் கூடாது.

"இது புதுசா இருக்கே?" என்றார் அதிகாரி.

"தனிநபர் விவரம், சார். பின்னால பிரச்சினை வரக் கூடாது."

அவர் கையெழுத்துப் போட்டார். என் வேலை வாழ்க்கையிலேயே நான் செய்த ஒரே நல்ல காரியம் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

பெர்மிட்டை வாங்க வந்த அக்கா கவுண்டரில் நின்றபடி ஒவ்வொரு நிபந்தனையையும் விரலை வைத்து வாசித்தார். பதினொன்றில் விரல் நின்றது. இரண்டு தடவை வாசித்தார்.

"ஓ" என்றார். "அவனா?"

மைக்கில் அவர் சொன்ன பெயர் ஒன்றே ஒன்று என்பதை அப்போதுதான் யோசித்தேன்.

"யாரையும் குறிச்சு எழுதலக்கா. இது பொதுவா..."

"சும்மா இரு. முப்பது வருசம் வார்டுல இருந்தவ நான். யாருக்கு எங்க வலிக்குதுன்னு எனக்குத் தெரியும்." தாள்களை மடித்துப் பையில் வைத்தார். "அவன் உசுரோட இருக்கறதுக்கு நான் வீடு வீடா அலைஞ்சேன். வேன் அவன் வாசலுக்கு வரும். அத நிறுத்துற சாதி நான் இல்ல. ஆனா என் மூஞ்சில முழிக்க வேணாம்னு சொல்லிடு."

வேன் வந்தது. வேனில் இருந்த மற்ற நான்கு பேருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. அண்ணன் ஏறியதும் பேச்சு நின்றுவிடும். அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் யாரோ பையை வைத்திருப்பார்கள், எடுக்க மாட்டார்கள். இரண்டு வாரம் பொறுத்தார். மூன்றாவது வாரம் டிரைவர் ஹாரன் அடித்தபோது கதவைத் திறக்கவில்லை.

எனக்குப் போன் செய்தார்.

"பதினொன்னாவது கண்டிசன் யாரு போட்டா?"

"நான்தாண்ணே. உங்களுக்காகத்தான்..."

"நான் கேட்டேனா?"

போனை வைத்துவிட்டார்.

இப்போது செவ்வாயும் வியாழனும் பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் தன் காரில் அவரைக் கூட்டிப்போகிறார். சனிக்கிழமை நான். அண்ணன் முன்சீட்டில் உட்காருவதில்லை, பின்னால்தான்.

தம்போலா சட்டப்படி நடக்கிறது. பெர்மிட் கேட்டு வரும்போது அக்கா என் கவுண்டருக்கு வருவதில்லை, பக்கத்துக் கவுண்டர் காலியாகும்வரை நிற்கிறார். போன தடவை, நான் கேட்க வேண்டும் என்றே அந்தக் கவுண்டரில் இருந்த பெண்ணிடம் சத்தமாகச் சொன்னார்: "கூட்டம் பாதியாப் போச்சு. யாருக்குன்னு தெரியாம எவன் அட்ட வாங்குவான்? ஒரு பேரு, ஒரு மொகம் வேணும்லா சனத்துக்கு."

அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். வேனை இரண்டு நாளாகக் குறைக்கப்போகிறார்கள் என்றும் பேச்சு அடிபடுகிறது. அப்படிக் குறைத்தால் அந்த நான்கு பேருக்கும் மூன்றாவது நாளுக்கு வழி தேட வேண்டும். அதற்கும் நான்தான் காரணம் என்பார்கள். அந்தப் பதினொன்றாவது வரியை எடுத்துவிடச் சொல்லி அக்கா இதுவரை மனுக் கொடுக்கவில்லை. கொடுத்தால் நான் எதிர்த்துத்தான் குறிப்பு எழுதுவேன்.

போன சனிக்கிழமை ஈப்போ போகும் வழியில் நல்ல மழை. சிக்னலில் நின்றபோது பின்சீட்டிலிருந்து அண்ணன், "வைப்பர் ரப்பர் தேஞ்சிருச்சு, மாத்து" என்றார். அன்றைக்கு அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.