ரஃபேலும் ஐந்து மாதக் கார்பரேட்டரும்

என் கணவர் ரஃபேலைப் பற்றி யாராவது நல்ல வார்த்தை சொன்னால், "ஒரு கார்பரேட்டரோடு அவரை ஐந்து மாதம் உங்கள் வீட்டில் வைத்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம்" என்பேன்.

சுங்கை லாலாங் தோட்டத்தில் பிறந்தவர். முப்பத்தைந்து வருடம் செம்பனை ஆலை லாரி ஓட்டினார். போன வருடம் அறுபது முடிந்ததும் ஒரு சாப்பாடு போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகள் இருவரும் ஜொகூரில். கூரை ஒழுகினால் அவரே ஏறுவார், ஃபேன் நின்றால் அவரே பிரிப்பார். வேலைக்கு ஆள் கூப்பிடுவது என்றால் பல்லைப் பிடுங்குகிற மாதிரி. பாதி நாள் நன்றாகத்தான் செய்வார், பொய் சொல்லக்கூடாது.

ஆனால் மோட்டார் சைக்கிள் என்னுடையது. கல்யாணமாகி இரண்டாம் வருடம், தொழிற்சாலையில் ஓவர்டைம் செய்து சேர்த்த பணத்தில் நான் வாங்கிய பழைய ஹோண்டா கப். தோட்டத்துத் திடலில் இரண்டு முறை விழுந்து எழுந்து ஓட்டக் கற்றேன். இப்போது அதை விண்டேஜ் என்கிறார்கள். ஜித்ராவிலிருந்து ஒருவர் தேடி வந்து விலை கேட்டார். "என் காலை விற்பேனா?" என்று அனுப்பிவிட்டேன்.

பீடோங்கில் ஒரு பள்ளி கேண்டீனில் சமைக்கிறேன். விடியற்காலை ஐந்துக்குப் போனால் மதியம் ஒரு மணிக்கு வேலை முடியும். ஒரு மணிக்கு மேல் நான் யாருக்கும் கணக்குச் சொன்னதில்லை. பாசாருக்குப் போவேன், கோயிலில் கொஞ்ச நேரம் உட்காருவேன். புதன்கிழமை என்றால் லோகேஸ்வரி வீடு. நாங்கள் இருவரும் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள், பேச உட்கார்ந்தால் நேரம் தெரியாது.

பிப்ரவரியில் மோட்டாருக்கு வந்தது வினை. கிளம்பும், கைப்பிடியைத் திருப்பினால் இருமி நின்றுவிடும்.

"கார்பரேட்டர்தான். சுங்கை பட்டாணியில பக்கிரிசாமி இருக்காருல்ல, பழைய மோட்டார் கார்பரேட்டர் மட்டும் பாக்குறவரு. அவருகிட்ட குடுங்க" என்றேன்.

"அவன் நூத்தம்பது வெள்ளி கேப்பான். நாலு ஸ்க்ரூ, ரெண்டு பித்தளை. இதுக்குப் போயி ஆளா? நானே செய்வேன்லா."

செய்தார், செய்தார், செய்துகொண்டே இருந்தார். சாயங்காலம் ஆறு மணி ஆனால் கூடத்தில் நாளிதழை விரிப்பார். பிஸ்கட் டின்னிலிருந்து கார்பரேட்டரை எடுத்து, ஒவ்வொன்றாகக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, பழைய பல்துலக்கியால் தேய்த்து, ஊதி, திரும்ப மாட்டுவார். வெளியே போய் உதைப்பார். மோட்டார் அரை நிமிடம் உறுமிவிட்டுச் செத்துப்போகும். சோறெல்லாம் பெட்ரோல் வாடை. நான் கத்தினால், "பொறுலா ஜெனி, இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்" என்பார்.

அந்த ஒண்ணே ஒண்ணு கடைசியில் ஒரு ஜெட் என்றார். பெட்ரோலை அளந்து விடுகிற, துளை போட்ட சின்னப் பித்தளைத் துண்டு.

"தேஞ்சிருச்சி, தூக்கிப் போட்டுட்டேன். இந்த சைஸ் இங்க கெடைக்காது. தாய்லாந்துலேந்து வரணும். பாலிங்ல கூட்டாளிகிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

நானும் நம்பினேன். ஒரு பித்தளைத் துண்டுக்காக அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றிய மடச்சி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அதுவரைக்கும் எங்கள் காடியில், அந்தச் சின்னக் காரில், அவரே கொண்டுபோய் விட்டார், அவரே வந்து ஏற்றினார். எங்கே போகணும், எதுக்கு, எவ்வளவு நேரம் ஆகும் என்று கேள்வி மேல் கேள்வி. பாசாரில் ஒரு கட்டுக் கீரைக்கு நான் பேரம் பேசினால் பின்னால் நின்று பெருமூச்சு விடுவார். ஐம்பத்தாறு வயதில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாசலில் காத்திருந்தேன். எரிச்சலில் போகிற வழியெல்லாம் ஏசுவேன். எருமை மாட்டின்மேல் மழை பெய்த மாதிரி ஓட்டிக்கொண்டு வருவார்.

ஜூலையில் ஒரு புதன்கிழமை. லோகேஸ்வரி தன் மகன் வீட்டை விட்டுப் போனதைச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். வெளியே ஹார்ன். ஐந்து நிமிடத்தில் இன்னொன்று. மூன்றாவது ஹார்னுக்கு அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போ ஜெனி, அண்ணன் காத்திருக்காரு" என்றாள். அன்றைக்குக் காடியில் நான் ஏசவில்லை.

மறுநாள் பிஸ்கட் டின்னை என் கைப்பையில் வைத்துக் கேண்டீனுக்குக் கொண்டுபோனேன். பதினோரு மணிக்கே சொல்லிவிட்டு, கூட வேலை செய்கிற ரூபினியின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து பக்கிரிசாமி கடைக்குப் போனேன்.

அவர் மூடியைத் திறந்ததுமே சிரித்தார். "அக்கா, இது நான் பாத்த சாமான்லா. இந்த கேஸ்கட் தாளு என் கையால வெட்டுனது. பிப்ரவரி கடைசியிலயே அண்ணன் கொண்டாந்தாரே. இங்க ஒரு வண்டியில மாட்டி ஓட்டியும் காட்டுனேன். நூத்தம்பது வெள்ளி குடுத்துட்டுத்தான் போனாரு."

"அப்புறம் ஏன் நின்னுபோவுது?"

அடியைக் கழற்றிப் பார்த்தார். "மெயின் ஜெட் இல்லியே. இது தானா கழண்டு விழாதுக்கா. ஸ்க்ரூடிரைவர் வச்சி யாரோ எடுத்திருக்காங்க."

"அது தாய்லாந்துலேந்து வரணுமாமே?"

"தாய்லாந்தா?" மேசைக்கடியிலிருந்து ஒரு போத்தலை எடுத்துக் குலுக்கினார். உள்ளே நூறு ஜெட்டாவது இருக்கும். "அஞ்சு வெள்ளிக்கா. மோட்டார கொண்டாங்க, நானே மாட்டித் தர்றேன்."

எனக்கு முகமெல்லாம் தீயாக எரிந்தது. "வேணாம் தம்பி. அஞ்சு மாசமா தெனம் சாயங்காலம் கழட்டிக் கழட்டி மாட்டுறத எதுக்க ஒக்காந்து பாத்திருக்கேன். எனக்கே தெரியும்."

ஐந்து வெள்ளிக்கு ஒரு ஜெட் வாங்கிக்கொண்டேன். ரூபினி என்னை வீட்டில் இறக்கியபோது ரஃபேல் என்னை ஏற்றப் பீடோங்குக்குக் கிளம்பிப் போயிருந்தார். நான் நாளிதழை விரித்து உட்கார்ந்தேன். ஜெட்டைத் திருகினேன், அடியை மூடினேன், மோட்டாரில் பொருத்தினேன். ஒரு நட்டு கை நழுவிச் சாக்கடை ஓரம் ஓடியது. விடுவேனா!

"ஜெனி! கேண்டீன்ல இல்லியே நீ!" என்று பதறிக்கொண்டு வந்தவர், என் கையில் ஸ்பேனரைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"பக்கிரிசாமி கடைக்குப் போயிருந்தேன். ஜெட்ட கழட்டுனது நீங்கதானே?"

காடிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "ஆமா" என்றார்.

"ஏங்க?"

"நீ பாட்டுக்கு வெடியக்காலையில போற, அஞ்சு மணிக்கு வர்ற. நான் இந்த வூட்ல யாரு மூஞ்சிய பாக்குறது? காடியில வந்தீன்னா பேசிக்கிட்டாவது வரலாம்."

"பேசுனேனா? ஏசுனேன்!"

"அதுவும் பேச்சுதானே."

அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "தனியா இருக்கு ஜெனின்னு ஒரு வார்த்த சொல்ல வாய் வரல. நான் என்ன மரமா? என் கால வெட்டிப் போட்டுட்டு, தாய்லாந்துலேந்து கால் வருதுன்னு சொல்லியிருக்கீங்களே, மனுசனா நீங்க?"

நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உதைத்தேன். கிளம்பவில்லை. இன்னும் ஓங்கி உதைத்தேன். பத்து உதை, பதினைந்து உதை. முட்டி வலித்தது. இந்த மனிதர் முன்னால் இப்படி ஆகிவிட்டதே என்று அவமானமாக இருந்தது. இன்னும் இரண்டு உதை உதைத்திருந்தால் மோட்டாரைத் தள்ளிவிட்டு உள்ளே போயிருப்பேன். அது அவருக்கும் தெரியும்.

"பெட்ரோல் தொறக்கல நீ" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "கார்பரேட்டர் பக்கத்துல சின்ன பிடி இருக்கு பாரு. கீழ திருப்பு."

திருப்பினேன். அடுத்த உதையில் கிளம்பியது. கைப்பிடியை முறுக்கினேன், நிற்கவில்லை. நான் அவரை மன்னிக்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. நேராக லோகேஸ்வரி வீட்டுக்குப் போய், அவள் அழுது முடிக்கிறவரை உட்கார்ந்திருந்தேன்.