தப்பைப் பொறுத்துக்கொள்ளும் மட்டை

அவள் புல் வெட்டுகிறவள். வீட்டு வாசல் புல் அல்ல, பதினெட்டுக் குழி கோல்ஃப் மைதானத்தின் புல். இருபத்திரண்டு வருடமாக, விடிவதற்குள் வெட்டும் வண்டியில் ஏறி உட்கார்ந்து, முதல் ஆட்டக்காரர் காரை நிறுத்துவதற்குள் பாதி மைதானத்தை முடித்துவிடுவாள். எந்தப் பள்ளத்தில் சக்கரம் வழுக்கும், எந்த மேட்டில் தண்ணீர் நிற்காது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கூட வேலை செய்கிறவர்களுக்கு அவள் புல்லக்கா.

திங்கட்கிழமை மதியம் உறுப்பினர்கள் வர மாட்டார்கள். ஊழியர்கள் ஆடிக்கொள்ளலாம். வேலையில் சேர்ந்த புதிதில் வேடிக்கை பார்க்கப் போனவள் கையில் யாரோ ஒரு மட்டையைத் திணித்தார்கள். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இன்னும் விடவில்லை. உறுப்பினர் ஒருவர் வேண்டாமென்று விட்டுப்போன பழைய இரும்பு மட்டைகள்தான் அவளுடையவை. அவற்றில் நாலாம் நம்பர் என்றால் அவளுக்கு உயிர். ஒல்லித் தலை, கனத்த எஃகுத் தண்டு. சரியாகப் பட்டால் பந்து விசிலடித்துக்கொண்டு போகும்.

ஐம்பத்தேழாவது வயதில் அவளுடைய வலது தோள் இறுகிப்போனது. ஒரு நாள் காலையில் தலைமுடியை அள்ளி முடிக்கக் கையைத் தூக்கினாள், கை காதோடு நின்றுவிட்டது. டாக்டர், மாத்திரை, பயிற்சி என்று எட்டு மாதம் ஓடியது. வலி பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் கை அதற்கு மேல் ஏறவில்லை. வண்டி ஓட்ட அது போதும். முடிக்குத்தான் ஆள் வேண்டியிருந்தது. அந்த வேலையைக் கணவர் எடுத்துக்கொண்டார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் முப்பது வருடமாக லென்ஸ் தேய்ப்பவர். அதிகம் பேசாதவர். சிக்கு விழாமல் வாரி, நேர் வகிடு எடுத்து, கிளிப்பும் மாட்டிவிடுவார். "அளவு சரியா இருக்கா பாரு" என்று மட்டும் கேட்பார்.

தோள் கொஞ்சம் தேறியதும் மறுபடி மைதானத்துக்குப் போனாள். நாலாம் நம்பர் அவளைக் கைவிட்டது. அடித்தால் பந்து எழும்பவில்லை, தரையோடு தவழ்ந்தது. மூன்று திங்கட்கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். நாலாவது திங்கட்கிழமை அலமாரியை ஒழிக்க உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னைக்குப் போகலியா?"

"சலிச்சுப் போச்சுங்க. எத்தனை வருஷம்தான் அதையே அடிக்கிறது."

 அந்த வாரத்திலிருந்து அவர் சனிக்கிழமைகளில் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். கேட்டால் கடையில் வேலை ஜாஸ்தி என்றார். ஒரு நாள் முடி வாரும்போது அவர் உள்ளங்கை அவள் கழுத்தில் உரசியது. பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு கொப்புளங்கள்.

"என்னது இது?"

"மெஷின் கைப்பிடி."

முப்பது வருடமாகக் கொப்புளம் போடாத மெஷின் இப்போது போடுகிறதா என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. நாலாவது சனிக்கிழமை, "கொஞ்சம் வெளிய போயிட்டு வரலாம், வா" என்று கூட்டிப்போனார். விளையாட்டுச் சாமான் கடை. பின்பக்கம் வலை கட்டி, எதிரே திரை தொங்கவிட்டு, பந்தை அடித்துப் பார்க்க இடம் வைத்திருந்தார்கள். வரிசையாக நின்ற மட்டைகளைக் கண்டதும் அவளுக்குச் சுருக்கென்றது.

"வேணாம்னு சொன்னேன்ல?"

அதற்குள் கடைக்காரப் பெண் வந்துவிட்டாள். நாற்பது வயதிருக்கும். ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "நீங்கதானாக்கா அது? அடிக்கிறதுக்கு முன்னாடி லேசா தொண்டையைச் செருமுவீங்களே."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சார் மூணு வாரமா வர்றாரு. என் வீட்டுக்காரி இப்படித்தான் அடிப்பா, இதுக்கு எந்த மட்டை சரியா வரும்னு கேட்டாரு. கேட்டுட்டு அடிச்சே காட்டினாரு."

"இவரா? இவருக்கு மட்டையை எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னே தெரியாது."

"முதல் வாரம் தெரியலதான்."

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "எங்க, அடிங்க பார்க்கலாம்."

அவர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். கூச்சத்தோடு போய் நின்றார். இடது பாதத்தைக் கொஞ்சம் வெளியே திருப்பினார். வலது கையைத் தொடையில் ஒருமுறை துடைத்தார். தொண்டையைச் செருமினார். மட்டை மெதுவாக மேலே போனது. கை காதருகே வந்ததும் நின்றது, அந்த இடத்தில் உதட்டின் ஓரம் ஒரு கணம் இழுத்துக்கொண்டது. பிறகு மட்டை இறங்கியது. பந்து சோம்பலாக வலையில் போய் விழுந்தது.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு பாதியில் அறுந்தது. அந்த உதடு இழுக்கிறதை அவள் யாருக்கும் காட்டியதே இல்லை. திங்கட்கிழமைகளில் அவளைக் கூட்டிப்போக வந்து, வேலிக்கு வெளியே காரில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார் என்றுதான் நினைத்திருந்தாள். மட்டைகளைப் பார்க்கிற பாவனையில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கடைக்காரப் பெண் எதையோ எடுத்துவர உள்ளே போனாள். கொஞ்சம் தாமதமாகவே வந்தாள்.

வரும்போது கையில் நாலைந்து மட்டைகள். "இரும்புல நாலாம் நம்பருக்கு வேகம் வேணும்க்கா. வேகம் இல்லேன்னா பந்து எழும்பாது. இது ஹைப்ரிட், இரும்பு மட்டையையும் கட்டைத் தலை மட்டையையும் கலந்த மாதிரி. பாருங்க, பின்பக்கம் குண்டா இருக்கு, கனமெல்லாம் அடியில. பந்துக்குக் கீழ சுலபமா போகும். நடுவுல படாம ஓரத்துல பட்டாலும் ரொம்ப விலகாது. தப்பைப் பொறுத்துக்கும்."

"என்னை மாதிரி" என்றார் கணவர்.

"நீங்க என்னத்தைப் பொறுத்தீங்க" என்றாள் அவள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இதைத் தூக்கிட்டுப் போனா, அக்காவுக்கு வயசாயிடுச்சும்பாங்க."

"கண்ணுல பவர் கூடிடுச்சுன்னு எங்க கடைக்கு வர்றவங்க யாரும் படிக்கிறதை விட்டதில்ல" என்றார் அவர். அன்றைக்கு அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

நம்பர் குறையக் குறையப் பந்து தூரம் போகும் என்பது அவள் கணக்கு. அதனால் மூன்றாம் நம்பரை எடுத்தாள். பந்து தாழப் பறந்து, எண்பத்தைந்து கஜத்தில் இறங்கியதாகத் திரை காட்டியது. "அஞ்சாம் நம்பரை எடுத்துப் பாருங்க, மட்டையோட முகம் நல்லா சாய்ஞ்சிருக்கும்" என்றாள் கடைக்காரப் பெண். நூற்று நான்கு கஜம். அவளால் நம்ப முடியவில்லை. திரும்ப அடித்தாள். நூற்றிரண்டு. மெதுவாக வரும் மட்டைக்குப் பந்தை மேலே தூக்கிவிட இன்னும் கொஞ்சம் சாய்வு வேண்டும், மேலே போனால்தான் தூரமும் போகும் என்று விளக்கினாள் அந்தப் பெண்.

அடுத்தது தண்டு. கணவர் மூன்று வாரம் அடித்துப் பார்த்து, எஃகை விட லேசான கிராஃபைட் தண்டுகளில் இருப்பதிலேயே லேசானதைத் தனியே எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார். அவள் அதை வீசிப் பார்த்துத் தலையாட்டினாள். "கையில ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு. அவசரப்படுறேன்."

அவர் முகம் வாடவில்லை. இன்னொரு மட்டையை எடுத்தார், அதுவும் கிராஃபைட் தண்டுதான், கொஞ்சம் கனம் கூட. "கண்ணை மூடு. இது முதல்ல... இது ரெண்டாவது. எது தேவலை?"

"ரெண்டாவது."

முதுகுக்குப் பின்னால் மாற்றிக் கொடுத்தார். "இப்போ?"

"முதல்ல குடுத்தது."

மறுபடி மாற்றினார், மறுபடி அந்தக் கனம் கூடியதையேதான் சொன்னாள். கடையில் கண் பரிசோதிப்பவர் லென்ஸைப் போட்டுப் போட்டு எடுத்துக் கேட்பதை வருடக்கணக்காகக் கேட்டவர் அவர். "இதுதான் இவளுக்கு" என்று கடைக்காரப் பெண்ணிடம் நீட்டினார்.

அடுத்த திங்கட்கிழமை அவர் வேலிக்கு வெளியே நிற்கவில்லை, பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். முதல் குழியில் அவள் வற்புறுத்தி அவரையும் ஒரு பந்து அடிக்கவைத்தாள். கை காதோடு நின்றது.

"உங்க தோளுக்கு என்ன வந்துச்சு? நல்லா தூக்குங்க."

"எனக்கு இப்படித்தான் வருது."

ஏழாவது குழிக்கு முன்னால் ஒரு குளம் உண்டு. தோள் கெட்ட பிறகு அவள் அதில் ஏகப்பட்ட பந்துகளைப் போட்டிருந்தாள். புது மட்டையோடு நின்றாள், செருமினாள், அடித்தாள். ஓரத்தில் பட்டது கையிலேயே தெரிந்தது. ஆனாலும் பந்து எழும்பியது. வலப்பக்கம் கொஞ்சம் ஒதுங்கி, தண்ணீரைத் தாண்டி அக்கரைப் புல்லில் விழுந்தது.

அவள் அசையாமல் நின்றாள். "நடுவுல படலைங்க."

"அதான் போயிடுச்சே."

"அதைத்தான் சொல்றேன். நடுவுல படல, ஆனா போயிடுச்சு."

அவர் மட்டையை வாங்கி, கைக்குட்டையால் அதன் முகத்தை லென்ஸ் துடைப்பதுபோல் துடைத்துப் பைக்குள் வைத்தார். இருவரும் பந்தைத் தேடிக் குளத்தைச் சுற்றி நடந்தார்கள்.