வாயில் வராத போடா

எட்டு வயதில் நான் நடித்த படத்தில், வீட்டுக்குள் நுழையும் வில்லனைப் பார்த்து "வெளியே போடா!" என்று கத்த வேண்டும். எனக்கு "வெளியே போங்க" என்றுதான் வந்தது. எங்கள் ஊர் அன்னூரில் பெரியவர்களிடம் வேறு மாதிரி பேசிப் பழக்கமில்லை. எத்தனை டேக் போனாலும் அந்த "ங்க" கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் டப்பிங் பேசும் ஒரு அக்காதான் எனக்காகக் கத்தினார். அதே படத்தில் ஒரு பாட்டு நானே பாடினேன். அதை இன்றுவரை யாரும் பாடச் சொல்லிக் கேட்டதில்லை. அந்தப் பாழாய்ப்போன போடாவைத்தான் கேட்கிறார்கள்.

போன மாதம் சோமனூரில் ஒரு கல்யாணத்துக்குப் பாடக் கூப்பிட்டிருந்தார்கள். நான் மைக்கைப் பிடித்ததும் மாப்பிள்ளையின் பெரியப்பா மேடையேறி என் எதிரே நின்றார். தலையெல்லாம் நரைத்த மனுஷன்.

"ஏனுங்க அம்மணி, என்னையப் பாத்து அந்த டயலாக்கைச் சொல்லுங்க."

எல்லோரும் செல்போனைத் தூக்கிவிட்டார்கள். நாற்பது வயதில், அந்த அக்காவின் குரலை மிமிக்ரி செய்து, பெரியப்பாவின் முகத்துக்கு நேராகக் கத்தினேன். இந்த முறை "ங்க" ஒட்டவே இல்லை. மண்டபமே கைதட்டியது. எனக்குக் காதெல்லாம் சுட்டது.

கிளம்பும்போது அவரே வந்து கார்க் கதவைத் திறந்துவிட்டார். எங்கள் பக்கம் யாரையும் வெறுமனே "போங்க" என்று அனுப்ப மாட்டார்கள்.

"போயிட்டு வாங்க அம்மணி" என்று கைகூப்பினார்.

பதிலுக்கு "வாரேனுங்க" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.