எங்கட ஆள் உள்ளுக்கை இருக்கிறா

இந்த நாட்டில் கூட்டத்தில் ஒருவர் பேசியது பிடித்துவிட்டால் விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். டுசல்டோர்ஃபில் மாநிலப் பாராளுமன்றத்துக்குத் தெரிவான புதிதில், எங்கள் கட்சிக் குழுவில் அந்தச் சத்தத்தைக் கேட்டு, நிறுத்தச் சொல்கிறார்களாக்கும் என்று பாதியில் உட்கார்ந்துவிட்டேன். "என்ன அடக்கம்!" என்றார்கள். அடக்கமாவது மண்ணாங்கட்டியாவது! நான் பொறியியல் படித்தவள். நிலக்கரிச் சுரங்கம் தோண்டிய இடங்களில் நிலம் தாழ்ந்து வீட்டுச் சுவர்கள் வெடிப்பதுதான் எனக்குத் தெரிந்த விசயம். அதைப் பேச என்னை ஒருநாளும் விட்டதில்லை. வெளிநாட்டவர் பற்றிய பேச்சென்றால் மட்டும் என்னைத் தேடுவார்கள்.

அப்படித்தான் அந்தக் கிழமையும் தேடினார்கள். இலங்கையில் போர்நிறுத்தம் வந்திருந்த காலம். தமிழரைத் திருப்பியனுப்புவதை நிறுத்தவேண்டும் என்று எதிர்க்கட்சி பிரேரணை கொண்டுவந்தது. அதை எதிர்த்து நான் பேசவேண்டும் என்று எங்கள் குழுத் தலைவர் தீர்மானித்தார். "அங்கே இப்போது அமைதி. நீங்கள் சொன்னால் எடுபடும்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் சனத்தின் கழுத்தை அறுக்க என் கையே வேண்டுமாம்! ஏலாது என்றேன்.

என் தொகுதியான கெல்சென்கிர்ச்சனில் பிலோமினா அக்கா இருந்தார். மன்னாரிலிருந்து வந்து மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்தவர். வாக்குரிமையே இல்லாமல், எனக்காக வீடு வீடாய்த் துண்டுப்பிரசுரம் போட்டவர். அவரிடம் இருந்தது டுல்டுங் மட்டும். நாடுகடத்தலைக் கொஞ்சக் காலம் தள்ளிவைக்கும் காகிதம். அதை நீட்டிக்க மறுத்திருந்தார்கள். எதிர்த்து மேன்முறையீடு செய்ய வழக்கறிஞர் ஒருவரை வைத்திருந்தார். வழக்கு என்ன நிலையில் என்று தொலைபேசியில் கேட்டேன்.

"லோயரை நிப்பாட்டிப் போட்டன், பிள்ளை. எங்கட ஆள் உள்ளுக்கை இருக்கேக்கை அவர் என்னத்துக்கு?"

"ஐயோ அக்கா, ஆரைக் கேட்டு நிப்பாட்டினனீங்கள்?"

"நீர் ஒரு ரெலிபோன் எடுத்தாக் காணும்தானே."

ஊரில் அப்படித்தான். எம்.பி. ஒரு கடிதம் கொடுத்தால் இடமாற்றம் நிற்கும், வேலை கிடைக்கும். இங்கே நானும் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அதிகாரி மிக மரியாதையாக, மேன்முறையீட்டுக் காலம் கடந்துவிட்டது என்றார். என்ன கேட்டாலும் அதே மரியாதை, அதே பதில்.

வாக்கெடுப்பில் எங்கள் இருக்கைகளில் நான் மட்டுமே பிரேரணைக்குக் கை உயர்த்தினேன். அது தோற்றது. "உங்களைத் தமிழருக்காகவா நிறுத்தினோம்?" என்றார் தலைவர். எங்கட சனமோ, "இவவை அனுப்பி என்னத்தைக் கண்டம்?" என்றது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

அக்காவை அனுப்பும் நாளில் விமான நிலையத்துக்கு ஓடினேன். வாசலில் உறுப்பினர் அட்டையைக் காட்டி உள்ளே போனேன். நடைபாதையில் இரண்டு பொலிஸ்காரருக்கு நடுவில் அவர் வந்துகொண்டிருந்தார். இளையவன் நான் நீட்டிய அட்டையைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தான்.

"மொழிபெயர்ப்பாளரா? நல்ல வேளை. இவரை வேகமாக நடக்கச் சொல்லுங்கள்."

நான் யாரென்று சொல்ல வாய் திறப்பதற்குள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த முகத்தில் அப்போதும் நம்பிக்கை.

"என்னவாம், பிள்ளை? விடுறாங்களாமோ?"

"கெதியா நடக்கட்டாம், அக்கா" என்றேன், என் வாயாலேயே.