போகமாட்டார் என்று சொன்னவன்

ததேயுஸ் எங்கள் கிளப்பை விட்டுப் போகமாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்காக அப்படிச் சொன்னவன் நான்!

திருவனந்தபுரத்தில் கால்பந்து பார்க்கும் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். கோவாவின் பெரிய கிளப் வாசல்வரை வந்து அழைத்தும், 'எனக்கு இந்த ஜனங்கள் போதும்' என்று மறுத்துவிட்ட மகான் என்பார்கள். அந்தக் கதையைக் கட்டியவன், ஊரெல்லாம் பரப்பியவன், இன்று உங்கள் முன் தலைகுனிந்து நிற்கிறேன்.

இந்த ஊரில் சாலை என்றே பெயருள்ள கடைத்தெருவில் எனக்குப் பாத்திரக்கடை. அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து தொடங்கியது. ததேயுஸ் என்னைவிட வெகு இளையவர்; நேரில் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவேன். ஆனாலும் 'அவன்' என்று எழுதக் கை வரவில்லை. கன்னியாகுமரிக் கடற்கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, எங்கள் சின்னஞ்சிறு கிளப்புக்குப் பின்வரிசையில் விளையாட வந்தவர்.

அவர் ஆட்டத்தை எப்படிச் சொல்வேன்! எதிரி பந்தோடு பாய்ந்து வருவான். இவர் ஓடமாட்டார், நடந்து போவதுபோல் போய், காலை நீட்டி, அவன் பையிலிருந்து எதையோ எடுப்பதுபோல் பந்தை எடுத்துக்கொள்வார். விழுந்தவனுக்குக் கைகொடுத்துத் தூக்கிவிட்ட பிறகுதான் மேலே போவார். தோற்ற நாட்களில் மற்ற ஆட்டக்காரர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். இவர் மட்டும் வேலியோரம் வந்து, கம்பிக்குள் நீளும் கைகளையெல்லாம் தொட்டுவிட்டுப் போவார்.

கடையில் நெளிந்துபோன தாம்பாளங்களை மூட்டையாகக் கட்டி மைதானத்துக்குக் கொண்டுபோவேன். கேலரி முழுக்க அவற்றைத் தட்டும். "ததேயுஸே! முத்தே!" என்று நான் தொடங்குவேன், நூறு குரல்கள் முடிக்கும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தமிழன் என்றால் 'பாண்டி' என்று இளக்காரமாகச் சொல்லும் வாய்கள் இந்த ஊரில் உண்டு. என் அப்பா அதைக் கேட்டும் கேளாதவராகவே வாழ்ந்து முடித்தார். ததேயுஸ் வந்த பிறகு, அதே வாய்கள் எனக்குக் கேலரியில் இடம் பிடித்து வைத்தன. அவர் பேசும் தமிழை நானும் பேசினேன் என்பதற்காகவே என்னைக் கட்டிப்பிடித்தன. அவர் போய்விட்டால்...? நான் மறுபடியும் வெறும் பாத்திரக்கடைக்காரன். அந்தப் பயமும் அன்று என்னோடு நடந்து வந்தது.

அன்று என்றால், கோவா கிளப் அவரை அழைத்த செய்தி கடைத்தெருவில் பரவிய காலை. சுமைதூக்கும் தொழிலாளிகள், கடைப் பையன்கள், கல்லூரி மாணவர்கள் என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். தாம்பாளங்களைத் தட்டிக்கொண்டு, அட்டக்குளங்கரை தாண்டி, மணக்காட்டில் அவர் இருந்த வாடகை வீட்டை நோக்கிப் போனோம். மாலை என் கையில் இருந்தது. எல்லார் சார்பாகவும் நான் மட்டும் உள்ளே போய், போகவேண்டாம் என்று அவரைக் கேட்பது என்று ஏற்பாடு.

உள்ளே போனேன்.

அட்டைப்பெட்டிகள் கயிறு போட்டுக் கட்டிக் கிடந்தன. சுவரில் ஏசுநாதர் படம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. அவர் மனைவி ஷைனி புதுச் சேலையில், குழந்தைக்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தாள்.

"சாயா இட்டுத் தரக்கூட அடுப்பு இல்ல அண்ணாச்சி. எல்லாம் கெட்டியாச்சு," என்று சிரித்தாள். அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் முகத்தில் அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

ததேயுஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே தாம்பாளச் சத்தம் காதைத் துளைத்தது.

"அண்ணாச்சி, எனக்கு உங்க மேல எல்லாம் ஒரு கோவமும் இல்ல. ஒரே ஒரு தடவ பெரிய டீமில நின்னு பந்து களிச்சுப் பாக்கணும். அம்புட்டுதான் ஆச. இவங்கள மீறிப் போவ எனக்குத் தைரியம் இல்ல. நீங்க ஒரு வாக்கு சொன்னா கேப்பாங்க... போவ விடச் சொல்லுங்க."

கேட்டீர்களா? அந்த மனிதர் என்னிடம் கேட்டது அதுதான். கூட்டத்துக்கு முன்னால் போய் ஒரு வார்த்தை!

"சரி தம்பி," என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடியில் அப்படித்தான் நினைத்தேன். அவர் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தேன். கையை உயர்த்தினேன். தாம்பாளங்கள் நின்றன. அத்தனை முகங்களும் என்னையே பார்த்தன... என் ஒருவனையே!

"ததேயுஸ் எங்கேயும் போகமாட்டார்!" என்று கத்தினேன்.

ஏன்? இதுவரை ஆயிரம் முறை என்னையே கேட்டுவிட்டேன். அன்பா? ஆம், அன்புதான்... ஆனால் அது எவ்வளவு சுயநலம் பிடித்த அன்பு! சொல்லி வாய் மூடுவதற்குள் கூட்டம் உள்ளே பாய்ந்தது. அவரைத் தோளில் தூக்கியது. வளர்ந்த ஆண்கள் குழந்தைகள்போல் அழுதார்கள். தோள்களின் மேலிருந்து அவர் என்னைத் தேடிக் கண்டுபிடித்துப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருக்கலாமே! ஏதோ சரியாகக் கேட்கவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்பதுபோல் பார்த்தார்.

நான் தாம்பாளத்தைத் தட்டினேன்.

அவர் போகவில்லை. ஷைனி அதற்குப் பிறகு என் கடைப் படி ஏறவும் இல்லை. வீட்டுக்குப் பாத்திரம் வேண்டுமென்றால் அவர்தான் வருவார். அப்படி ஒருநாள் அவர் குக்கர் வாங்க வந்தபோது, கடைத் தொலைக்காட்சியில் இந்திய அணியின் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. கோவா கிளப் அவருக்குப் பதிலாக எடுத்துக்கொண்ட ஆள், இந்தியச் சட்டையோடு பின்வரிசையில் நின்றான். நான் அவசரமாக ரிமோட்டைத் தேடினேன்.

"இருக்கட்டும் அண்ணாச்சி," என்றார். முடியும்வரை நின்றுகொண்டே பார்த்தார். "நல்ல களிக்காரன். இடது கால் மட்டும் கொஞ்சம் பலவீனம்." குக்கரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வாடிக்கையாளர்கள் கேட்கும்போதெல்லாம் அந்தக் கதையைச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டினேன். கோவாக்காரர்களை அவர் வாசலிலேயே கும்பிட்டு அனுப்பியதாக ஒருமுறை. 'இந்தக் கேலரிதான் என் வீடு' என்று கண்கலங்கியதாக இன்னொருமுறை. கேட்டவர்கள் உருகினார்கள். சொல்லச் சொல்ல நானே பாதி நம்பிவிட்டேன் என்றால் நீங்கள் நம்புவீர்களா?

ஒருமுறை எனக்குப் பித்தப்பையில் ஆபரேஷன் நடந்தது. மகன் பெங்களூரிலிருந்து வந்துசேர முடியவில்லை. மயக்கம் தெளிந்து பார்த்தால், கட்டிலருகே ததேயுஸ்! பயிற்சிச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்திருந்தார். ஈரத் துணியால் என் உதட்டைத் துடைத்துவிட்டார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும்... சொல்ல வாயெடுத்து, கண்ணை மூடிக்கொண்டேன். நான் தூங்குவதாக நினைத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். என் நடிப்பு அங்கேயும் பலித்தது!

கறுத்த தலையோடு வந்தவர், தாடி நரைத்து, அதே சட்டையோடு சென்ற ஆண்டு விடைபெற்றார். கடைசி ஆட்டத்தன்று மழை. ஒருவரும் எழுந்து போகவில்லை. ரசிகர்கள் சார்பில் என்னை மேடையேற்றினார்கள். ஒலிவாங்கி முன் நின்றபோது, இப்போதாவது உண்மையைச் சொல் என்று உள்ளே ஒரு குரல். நான் சொன்னது, மணக்காட்டு வாசல் கதை. முன்னைவிட அழகாகச் சொன்னேன். மைதானமே அழுதது. ததேயுஸ் தலைகுனிந்து, ஈரப் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து உறக்கம் போயிற்று. போன மாதம் துணிந்து மைதானத்துக்குப் போனேன். இப்போது அதே கிளப்பில் இளையவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். பயிற்சி முடிந்ததும் எதிரே சாயாக்கடைக்கு அழைத்துப் போனார். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியுமே அண்ணாச்சி," என்றார் மெல்ல. "நீங்க வாசல்ல நின்னு சொன்னது எனக்குக் கேட்டுதுல்லா."

"பின்னே ஏன் தம்பி ஒருநாள்கூட என்னைக் கேட்கல்லே?"

"நானும் வெளிய வந்து, இல்ல போறேன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல்லியே. அம்புட்டு பேரு அழுதாங்க... அந்த முகங்களப் பாத்துட்டு எப்படிச் சொல்ல? அதுக்கப்புறம் அவங்க தந்த ஸ்நேகமும் பொய் இல்லல்லா."

எனக்கு ஒரு நொடி மூச்சு வந்தது. மன்னித்துவிட்டார் என்றே எண்ணிவிட்டேன்! சாயா கிளாசைக் கீழே வைத்துவிட்டு, மைதானத்தைப் பார்த்தபடி அவர் தொடர்ந்தார்.

"ஒண்ணுதான் அண்ணாச்சி. ஜெயிச்சேனா தோத்தேனாங்கிறது இல்ல... நான் எம்புட்டு நல்லாக் களிப்பேன்னு எனக்கே தெரியாமப் போச்சு."

குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. வேறு யாரைப்பற்றியோ வருத்தப்படுவதுபோல் சொன்னார். மன்னித்துவிடு என்று கேட்க நினைத்தேன்... எதை மன்னிக்கச் சொல்வேன்? திருப்பித் தர என்னிடம் என்ன இருக்கிறது?

அதற்குள் கல்லூரிப் பையன்கள் சிலர் வந்துவிட்டார்கள். "சேட்டா, ஒரு செல்ஃபி?"

அவர் எழுந்தார். ஒதுங்கப்போன என்னைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்தி, தோளில் கைபோட்டுக்கொண்டார். பையன்களிடம் மலையாளத்தில் சொன்னார்:

"இது சாலையில பாத்திரக்கடை வச்சிருக்கிற எங்க அண்ணாச்சி. இவங்க இல்லேன்னா நான் இந்த ஊர்ல இருந்திருக்கவே மாட்டேன்."

பையன்கள் கைதட்டினார்கள். ஒருவன் குனிந்து என் காலைக்கூடத் தொட்டான்.

நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். குத்தல் இல்லை, கேலி இல்லை... தேடித் தேடிப் பார்த்தேன், இல்லவே இல்லை! கைபேசியை நோக்கி, வேலியோரம் வந்து நிற்கும் நாட்களில் சிரிப்பாரே, அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நானும் சிரித்தேன். வேறென்ன செய்வேன், நீங்களே சொல்லுங்கள்...